சீனமும் ஜப்பானியமும்: எழுத்துறவும் மொழியுறவும்

1877ஆம் ஆண்டிற் சீனப் பேரரசின் தூதுக்குழு ஒன்று தோக்கியோ நகரை அடைந்தது. அக்குழுவில் ஹுவாங் ஸுன்ஷியன் என்னும் இளம் புலவரும் ஒருவர். ஜப்பானியக் குறுநில மன்னராயிருந்து பதவி நீங்கிய ஓகோச்சி தெருனா என்பார் தூதரகத்தாரை நாடி அடிக்கடி வருவார். ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காது. ஆயினும் அவர்கள் நெடும்பொழுது அளவளாவினர். கவிதையைப் பற்றியும் நாட்டு நடப்பைப் பற்றியும் கருத்து வேறுபட்டும் ஒன்றுபட்டும் உரையாடினர். அவ்வுரையாடல் வாயினால் நிகழ்ந்ததன்று. தாளும் தூரிகையும் கொண்டு நிகழ்ந்தது. ஒருவர் எழுதுவார், மற்றவர் படித்து அதன்கீழ் விடை எழுதுவார். ஓகோச்சி அத்தாள்களைத் தொகுத்துப் போற்றி வைத்தமையால் அவை இன்றும் கிடைக்கின்றன. இவ்வகை உரையாடலுக்குத் 'தூரிகைப் பேச்சு' என்பது அந்நாடுகளில் வழங்கும் பெயர்.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் சீனமும் ஜப்பானியமும் ஒரு தாய் வயிற்றுப் பிறந்த மொழிகள் என்று கருதுதல் இயல்பே. கடைப்பலகைகளிலும் நாளிதழ்களிலும் ஒரே வகையான எழுத்துக்களைக் காணும் அயலார் பலரும் அவ்வாறே கருதுகின்றனர். ஆனால் அன்று அவ்விருவர் தாளிற் பொறித்தது ஜப்பானியமும் அன்று. பெய்சிங் நகரத்துப் பேச்சுச் சீனமும் அன்று. இருவரும் இளமை முதற் பயின்றிருந்த செவ்வியல் சீனமே அது. ஜப்பானியர் ஒருவர் தம் மொழியைத் தம் நடையில் எழுதியிருப்பின், சீனப் புலவர்க்கு அதிற் பாதியும் பொருள்பட்டிராது. எழுத்தால் வரும் உறவு வேறு, மொழியால் வரும் உறவு வேறு என்பதற்கு இவ்விரு மொழிகளைப்போல் தெளிவான சான்று காண்டல் அரிது. அவ்வெழுத்துறவு இரு மொழிக்கும் யாது செய்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இம்மொழிச் சொற்களைத் தமிழெழுத்தில் அண்ணளவாகவே காட்ட இயலும் என்பதை முன்னரே கூறிவிடுதல் நன்று.

முதற்கண் இலக்கண அமைப்பை நோக்குவோம். சீனம் சீன-திபெத்தியக் குடும்பத்தைச் சார்ந்தது. மொழிநூலார் அதனைத் தனிநிலை மொழி என்பர். அதன்கண் வேற்றுமையுருபு இல்லை. காலங்காட்டும் இடைநிலை இல்லை. திணை பால் எண் இடங்களைக் காட்டும் வினைமுற்று விகுதியும் இல்லை. 'வோ' என்பது நான். 'நி' என்பது நீ. 'ஐ' என்பது அன்பு கொள்ளுதல். 'வோ ஐ நி' என்றால் நான் நின்மீது அன்பு கொள்கிறேன் என்பது பொருள். 'நி ஐ வோ' என மாற்றினால் நீ என்மீது அன்பு கொள்கிறாய் என்றாகும். சொற்கள் மூன்றும் சிறிதும் திரியவில்லை. நின்ற இடமே எழுவாயையும் செயப்படுபொருளையும் உணர்த்துகிறது. பயனிலை நடுவில் நிற்கச் செயப்படுபொருள் இறுதியில் வருதல் அம்மொழியின் மரபு.

ஜப்பானியத்தின் இயல்பு முற்றிலும் வேறு. 'வதஷி வ ஹொன் ஒ யொமு' என்பது 'நான் நூலைப் படிக்கிறேன்' என்னும் பொருளது. 'ஹொன்' என்பது நூல். அதனை அடுத்து நிற்கும் 'ஒ' என்பது நம் இரண்டாம் வேற்றுமை ஐயுருபின் பணியைச் செய்கிறது. வினை இறுதியில் நிற்கிறது. இனி அவ்வினை எவ்வாறு வளர்கிறது என்பதைக் காண்க. 'யொமு' என்பது படித்தல். 'யொமஸெரு' என்பது படிக்கச் செய்தல். 'யொமஸெரரெரு' என்பது படிக்கச் செய்யப்படுதல். 'யொமஸெரரெநகத்த' என்பது அதன் எதிர்மறை இறந்தகாலம். வினையடியின்பின் பிறவினை, செயப்பாட்டுவினை, எதிர்மறை, காலம் என ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புக்கள் ஒட்டிக்கொண்டே செல்கின்றன. 'படிப்பிக்கப்படவில்லை' என்னும் நம் வினையைப் பிரித்து நோக்குவார்க்கு இது புதுமையாகத் தோன்றாது. இதே கருத்தைச் சீனர் கூறவேண்டுமாயின், மாறாத தனிச்சொற்கள் சிலவற்றை வரிசைப்படுத்தியே கூறுவர்.

சீனம் விகுதியற்றது என்பதுகொண்டு அதனை வளர்ச்சி குன்றிய மொழி என்று 19ஆம் நூற்றாண்டில் ஷ்லைக்கர் போன்றார் வகுத்த படிநிலை பொருந்தாது. சீனத்தில் 'ஹாவ்' என்பதனைத் தாழ்ந்தெழும் தொனியிற் கூறினால் நன்று என்பது பொருள். வீழும் தொனியிற் கூறினால் விரும்புதல் என்பது பொருள். இத்தகைய இணைகள் முன்னொரு காலத்தில் அம்மொழியிலும் ஒட்டுக்கள் இருந்து தேய்ந்தமையின் எச்சங்கள் என்று இக்கால ஆய்வாளர் கருதுகின்றனர். தனிநிலை என்பது தொடக்க நிலையன்று. நெடிய தேய்வின் பயனாகவும் அது இருத்தல் கூடும்.

ஒலியமைப்பிலும் வேற்றுமை பெரிது. சீனப் பொதுமொழியில் தொனி நான்கு. 'மா' என்னும் ஓரசை, உயர்ந்து சமமாக ஒலித்தால் தாய், மேல்நோக்கி எழுந்தால் சணல், தாழ்ந்து எழுந்தால் குதிரை, வீழ்ந்தால் வைதல். ஜப்பானியத்தில் இவ்வாறு அசைதோறும் தொனி இல்லை. சொல்லில் குரல் எவ்விடத்து இறங்குகிறது என்பது மட்டுமே சில சொற்களை வேறுபடுத்தும். தோக்கியோ வழக்கில் 'ஹஷி' என்பதன் முதலசை உயர்ந்தால் உண்கோல். இரண்டாமசை உயர்ந்தால் பாலம். கியோத்தோ, ஒசாக்கா வழக்கில் இது தலைகீழாகும். ஜப்பானிய அசை பெரும்பாலும் மெய்யும் உயிரும் சேர்ந்த எளிய அசை. வல்லின மெய்யிற் சொல் முடிதல் அதற்கு இயல்பன்று. இச்செய்தியை நினைவிற் கொள்க. பின்னர் இது பெரிதும் பயன்படும்.

ஒற்றுமைகள் இல்லாமல் இல்லை. இரு மொழிகளிலும் அடை முன்னும் பெயர் பின்னும் வரும். 'நான் படித்த நூல்' என்பதனைச் சீனர் 'வோ து தெ ஷு' என்பர். ஜப்பானியர் 'வதஷி க யொந்த ஹொன்' என்பர். பொருள்களை எண்ணும்போது அவற்றின் வகையைக் குறிக்கும் ஒரு சொல்லை இடையிற் பெய்தலும் இரண்டிற்கும் பொது. ஆனால் இவ்வழக்கிலும் ஒரு விந்தை உண்டு. நூல்களை எண்ணுங்காற் சீனர் பெய்யும் 'பென்' என்னும் எழுத்தே ஜப்பானியத்தில் 'ஹொன்' என்றாகி நூலையே குறிக்கிறது. எண்ணுங்காலோ அது எழுதுகோல், புட்டி முதலிய நீண்டு உருண்ட பொருள்களுக்கு உரியதாயிற்று. நூல்களை எண்ணுவதற்கு ஜப்பானியர் வேறொரு எழுத்தைக் கையாள்கின்றனர்.

இனி எழுத்து வந்த வரலாற்றைக் காண்போம். கொரிய நாட்டினின்றும் வானி என்னும் புலவர் கன்பூசியரின் உரைத்தொகுப்பையும் 'ஆயிரம் எழுத்து' என்னும் பாடநூலையும் கொணர்ந்தார் என்று 712இல் முடிவுற்ற 'கொஜிகி' கூறுகிறது. ஆயிரம் எழுத்து 6ஆம் நூற்றாண்டிற்றான் இயற்றப்பட்டது. வானியின் காலமாகக் கூறப்படுவதோ அதற்கு முற்பட்டது. ஆகவே இச்செய்தியை மரபுக்கதை என்றே கொள்ளல் தகும். உறுதியான சான்று இனரியாமாப் புதைமேட்டிற் கிடைத்த இரும்பு வாளாகும். 1978இல் ஊடுகதிர் கொண்டு நோக்கியபோது அதன்மேற் பொன்னாற் பதித்த 115 எழுத்துக்கள் வெளிப்பட்டன. அவற்றிற் காணும் ஆண்டு 471 என்பது பலர் துணிபு. அவ்வாசகம் சீனம், ஆயினும் 'வகதகெரு' என்னும் அரசன் பெயரை எழுதுமிடத்து எழுத்துக்களின் பொருளைக் கருதாது ஒலியை மட்டும் கொண்டு எழுதியுள்ளனர். வேற்றுமொழி எழுத்தால் தம் மொழியை எழுதும் முயற்சியின் முதற்படி இதுவே எனலாம்.

கொஜிகியைத் தொகுத்த ஓ நொ யசுமாரோ தம் முன்னுரையில் இத்தொல்லையை எடுத்துரைக்கிறார். எழுத்துக்களைப் பொருள்பற்றியே கையாண்டால் உள்ளக்கருத்து முழுதும் வெளிப்படுவதில்லை. ஒலிபற்றியே கையாண்டால் வாசகம் அளவிறந்து நீள்கிறது. ஆகவே அவர் இரண்டையும் கலந்து எழுதினார். அவர் கண்ட இக்கலப்பு முறையே 1300 ஆண்டுகளின் பின்னரும், வடிவம் மாறினும், ஜப்பானியரின் எழுத்து முறையாக நிற்கிறது.

கற்றறிந்தோர் சீன நூல்களைப் படித்த முறை இன்னும் வியப்பளிப்பது. 'நான் – படி – நூல்' என்னும் வரிசையிற் சீன எழுத்துக்கள் நிற்கின்றன எனக் கொள்வோம். ஜப்பானியப் புலவர் 'படி' என்னும் எழுத்தின் அருகே ஒரு சிறு குறியிடுவார். அடுத்த எழுத்தைப் படித்துவிட்டு மேலே திரும்புக என்பது அக்குறியின் பொருள். பின் தம் மொழியின் உருபுகளையும் விகுதிகளையும் இடையிடையே சேர்த்து, 'நான் நூலைப் படிக்கிறேன்' என்று ஜப்பானியத்திலேயே வாய்விட்டுப் படிப்பார். நூல் சீனம், ஒலிப்பது ஜப்பானியம். மூலத்தில் ஓரெழுத்தும் மாறுவதில்லை. இதனை மொழிபெயர்ப்பு என்பதா, படிப்பு என்பதா? இதற்குக் 'குந்தொகு' என்று பெயர். இரு மொழிகளின் சொன்முறை எத்துணை மாறுபட்டது என்பதனை அச்சிறு குறிகளே அறிவிக்கின்றன. உறவுடைய மொழிகளாயின் அவை வேண்டப்பட்டிரா.

சீன எழுத்துக்களைத் தூரிகையால் விரைந்து எழுதியதனால் ஹிரகனா என்னும் அசையெழுத்தும், அவற்றின் ஓர் உறுப்பை மட்டும் எடுத்தமையால் கதகனா என்னும் அசையெழுத்தும் 9ஆம் நூற்றாண்டளவில் தோன்றின. ஹிரகனா பெண்டிர்க்குரிய எழுத்தெனக் கருதப்பட்டது. 935ஐ ஒட்டிக் கி நொ த்சுராயுகி என்னும் அலுவலர் தம் பயணக்குறிப்பை எழுதியபோது, ஒரு பெண் எழுதியதுபோல் அமைத்தமைக்கு இதுவே காரணம். ஆடவர் சீனத்தில் நூல் செய்துகொண்டிருந்த காலத்தில் முரசாகி ஷிகிபு என்னும் அம்மையார் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கெஞ்சியின் கதையைத் தாய்மொழியில் எழுதினார். அவ்வம்மையார்க்குச் சீனம் தெரியாமலில்லை. உடன்பிறந்தான் சீனம் கற்கையில் உடனிருந்து கேட்டு முந்திக் கற்றதையும், நீ ஆணாய்ப் பிறவாது போனாயே என்று தந்தை வருந்தியதையும் அவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார்.

இவ்வசையெழுத்துக்களின் வரிசை நமக்குத் தனியாக ஆர்வமூட்டுவது. அ, இ, உ, எ, ஒ என உயிர்கள் நிற்கும். பின் க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ எனும் முறையில் உயிர்மெய் வரிசைகள் வரும். பழைய ஜப்பானியத்தில் இன்றைய ஹகரம் பகரமாய் ஒலித்தது என்பதை அறிந்தால், இது நம் நாட்டு நெடுங்கணக்கு முறையே என்பது புலனாகும். பௌத்தத் துறவியர் வடமொழி மந்திரங்களின்பொருட்டுச் சித்தம் என்னும் இந்திய எழுத்தைக் கற்றனர். அக்கல்வியின் வாயிலாக இம்முறை அங்குப் புகுந்தது. சீனரிடம் எழுத்தின் வடிவையும் இந்தியரிடம் எழுத்தின் முறையையும் ஜப்பானியர் பெற்றனர்.

எழுத்துடன் சொற்களும் வந்தன. ஒருமுறை மட்டும் அல்ல, பலமுறை வந்தன. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் தென்சீன ஒலிப்புடன் கொரியாவின் வழியே ஓர் அடுக்கு வந்தது. 7ஆம் நூற்றாண்டு முதல் 9ஆம் நூற்றாண்டு வரை தாங் பேரரசின் தலைநகர்க்குச் சென்று மீண்ட தூதரும் மாணவரும் மற்றோர் அடுக்கைக் கொணர்ந்தனர். பிற்காலத்துத் துறவியரும் வணிகரும் மூன்றாமடுக்கைக் கொணர்ந்தனர். புதியது வந்தபோது பழையது அழிந்துபோகவில்லை. ஆகவே 'செல்லுதல்' என்னும் பொருளுடைய ஓரெழுத்து, ஊர்வலம் என்னும் சொல்லிற் 'கியோ' என்றும், பொருளகம் என்னும் சொல்லிற் 'கோ' என்றும், தாள்விளக்கு என்னும் சொல்லில் 'அன்' என்றும் ஒலிக்கும். ஜப்பானியத் தனிச்சொல்லாக வருங்கால் 'இகு' எனவும் 'ஒகொநவு' எனவும் ஒலிக்கும். சீனச் சிறுவன் ஓரெழுத்திற்குப் பெரும்பாலும் ஓரொலியே கற்கிறான். ஜப்பானியச் சிறுவன்மேல் ஏறிய சுமை மிகப் பெரிது.

ஆயினும் இச்சுமையே மொழிநூலுக்குக் கருவூலமாயிற்று. நாடு என்னும் சொல் இன்றைய சீனப் பொதுமொழியிற் 'குவோ', காந்தன் நகர்ப்புறத்துச் சீனத்தில் 'குவொக்', ஜப்பானியத்திற் 'கொகு'. கல்வி என்பது முறையே 'ஷுவே', 'ஹொக்', 'காகு'. ஆறு என்பது 'லியு', 'லுக்', 'ரொகு'. எட்டு என்பது 'பா', 'பாத்', 'ஹச்சி'. பொதுமொழியில் ஈற்று வல்லினங்கள் தேய்ந்தொழிந்தன. தென்னாட்டுச் சீனம் அவற்றைக் காத்துக்கொண்டது. ஜப்பானியர்க்கு வல்லின மெய்யீறு இயலாமையால் ஓர் உயிரைச் சேர்த்து ஒலித்தனர். அவ்வுயிரின் காப்பில் அவ்வல்லினம் இன்றளவும் அழியாது நிற்கிறது. 1915 முதல் 1926 வரை பகுதி பகுதியாக வெளிவந்த தம் பெருநூலிற் சுவீடன் நாட்டறிஞர் கார்ல்கிரென் இடைக்காலச் சீனத்தின் ஒலிகளை மீட்டமைத்தபோது, 601ஆம் ஆண்டின் 'சியெயுன்' என்னும் எதுகையகராதியோடும் சீன நாட்டு வழக்குகளோடும் ஜப்பானிய ஒலிப்புக்களையும் சான்றாகக் கொண்டார். சீனம் தன் நாட்டில் இழந்ததைக் கடல்கடந்த நாட்டில் தேடவேண்டியதாயிற்று.

இதன் மறுதலையும் உண்மை. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த 'மன்யோஷு' என்னும் பெருந்தொகை நூலிற் பாடல்கள் பலவிடத்தும் சீன எழுத்தை ஒலிபற்றிக் கையாண்டு எழுதப்பட்டுள்ளன. இன்று ஒரே ஒலியுடைய சில அசைகளுக்கு அந்நூலார் இருவேறு எழுத்துக்கூட்டங்களை ஒன்றோடொன்று மயங்காமல் வழங்கியுள்ளனர். இதனை 1917இல் ஹஷிமோதோ ஷின்கிச்சி தெளிவுற நிறுவினார். இன்று ஐந்துயிரே உடைய அம்மொழியில் அன்று மேலும் பல வேறுபாடுகள் இருந்தன என்பது அதனால் விளங்கிற்று. சீன எழுத்து இல்லையேல் ஜப்பானியத்தின் பழைய ஒலிகளை அறிதற்கு வழியில்லை.

கடன்கொண்டதால் விளைந்த இடர்ப்பாடும் கூறற்பாலது. சீனச் சொற்களை ஏற்ற ஜப்பானியர் அவற்றின் தொனிகளை ஏற்கவில்லை. ஆகவே சீனத்தில் வேறுபட்ட சொற்கள் ஜப்பானியத்தில் ஒன்றாய் மயங்கின. அறிவியல் என்பதும் வேதியியல் என்பதும் சீனத்திற் 'கெஷுவே', 'ஹுவாஷுவே' எனத் தெளிவாக வேறுபடும். ஜப்பானியத்தில் இரண்டும் 'ககாகு'. ஐயம் நேருங்கால் வேதியியலைப் 'பகெகாகு' எனத் தாய்மொழி ஒலிப்பிற் கூறித் தெளிவிப்பர். நகராட்சிப் பள்ளி, தனியார் பள்ளி என்பனவற்றின் அடைமொழிகள் இரண்டும் 'ஷிரித்சு' ஆதலின், 'இச்சிரித்சு' என்றும் 'வதகுஷிரித்சு' என்றும் பிரித்துரைக்கின்றனர். பேசும்போதே எழுத்தை மனத்திற் கண்டு பேசும் நிலை இது. ஜப்பானிய அகராதிகளில் ஏறத்தாழப் பாதியளவு சொற்கள் சீன மூலத்தன ஆதலின், எழுத்தை நீக்கினாற் சொல்லும் குழம்பும். 1866இலேயே மயேஜிமா ஹிசோகா என்பார் சீன எழுத்துக்களை ஒழிக்கவேண்டுமென ஆட்சித்தலைவர்க்கு விண்ணப்பித்தார். அவர் கூறியது நடவாமைக்கு மரபுப்பற்று மட்டும் காரணமன்று. இம்மயக்கமும் ஒரு காரணமாகும் என்பது என் கருத்து.

ஓரெழுத்தாயினும் பொருள் ஒன்றாய் நிற்பதில்லை. 'கை', 'தாள்' என்னும் ஈரெழுத்துக்களைச் சேர்த்து எழுதினால் ஜப்பானியர்க்கு அது 'தெகாமி', அதாவது மடல்; சீனர்க்கோ கழிப்பறையிற் பயன்படும் தாள். சீனர் தாயைக் குறிக்க வழங்கும் 'நியாங்' என்னும் எழுத்து ஜப்பானியத்தில் 'முசுமெ' எனப் படிக்கப்பட்டு மகளைக் குறிக்கிறது. ஜப்பானியத்தில் வெந்நீரைக் குறிக்கும் எழுத்துச் சீனத்தில் இன்று சாற்றைக் குறிக்கும். பழஞ்சீனத்தில் அது வெந்நீரே. பழம்பொருளைக் காத்தது ஈண்டும் கடன்கொண்ட மொழியே.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கடன் எதிர்த்திசையிற் பாய்ந்தது. மேனாட்டுக் கலைகளைக் கற்ற ஜப்பானியர் அவற்றிற்குச் சீன எழுத்துக்களாற் புதுச்சொல் படைத்தனர். மெய்ப்பொருளியலுக்கு நிஷி அமானே படைத்த 'தெத்சுகாகு' 1874இல் அச்சேறியது. அதுவே சீனத்தில் 'ஜெஷுவே' ஆயிற்று. தொலைபேசியைக் குறிக்கும் 'தென்வா' சீனத்தில் 'தியன்ஹுவா' என வழங்குகிறது. வேர் சீனம், சொல்லாக்கம் ஜப்பானியம், இன்று பேசுவோர் இருசாரார். இவற்றைத் தமக்கு அயலானவை என்று சீன மக்கள் உணர்வதே இல்லை.

இத்துணைச் சொற்கள் பொதுவாயினும் மொழியினம் வேறு என்று துணிவது எங்ஙனம்? பிறமொழிச் சொற்கள் எத்துணை கலப்பினும், ஒலியொப்புமையில் ஒழுங்குடைய அடிப்படைச் சொற்களும் இலக்கணக் கூறுகளுமே இனத்தைக் காட்டும் என்னும் முறையிற்றான் 1816இல் எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் திராவிட மொழிகளை வடமொழியினின்றும் பிரித்துக் காட்டினர். அம்முறையே ஈண்டும் பொருந்தும். ஒன்று, இரண்டு, மூன்று என்பனவற்றிற்கு 'இச்சி', 'நி', 'ஸன்' எனச் சீனச் சொற்கள் வழங்கினும், 'ஹிதொத்சு', 'ஃபுதத்சு', 'மித்சு' எனத் தனிச்சொற்களும் உடன் உயிர்வாழ்கின்றன. இவற்றிற்குச் சீனத்தில் இனமில்லை. ஐயமற நிறுவப்பட்ட உறவு ஜப்பானியத்திற்கு ரியூக்யூத் தீவுகளின் மொழிகளோடு மட்டுமே உண்டு.

இம்முறையை நாம் நமக்கும் ஏற்றிக்கொள்ளல் வேண்டும். ஜப்பானிய அறிஞர் ஓனோ சுசுமு 1980ஐ ஒட்டிய ஆண்டுகள் முதல் 2008இல் மறையும்வரை தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும் உறவுண்டு என்று பெருமுயற்சியுடன் எழுதிவந்தார். தமிழர்க்கு இஃது உவகை தருவதே. ஆயினும் மொழிநூலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. வினை இறுதியில் வருதலும் உருபு பின்னொட்டாதலும் கொரியம், துருக்கியம் முதலியவற்றிலும் உண்டு. 'படித்துப் பார்' என்பதற்கு நேராக ஜப்பானியர் 'யொந்தெ மிரு' என்பர். அதிலும் 'மிரு' என்பது பார்த்தலே. இதனைக் கண்டு வியக்கும்போதே, சீனரும் 'உண்டு பார்' என்பதற்குச் 'ச்சி ச்சி கன்' என்கின்றனர் என்பதையும், அங்கும் 'கன்' என்பது பார்த்தலே என்பதையும் மறத்தலாகாது. அமைப்பொப்புமை ஒன்றே உறவாயின் சீனமும் நமக்கு உறவாகிவிடும்.

இறுதியாக ஒரு செய்தி. ஜப்பானிய அரசு 1946இற் பொதுவழக்கிற்கு 1850 எழுத்துக்களை வரையறுத்தது. 1949இல் அவற்றுட் பலவற்றின் வடிவை எளிமையாக்கியது. 2010இல் அப்பட்டியல் 2136 எழுத்தாய் விரிந்தது. சீன அரசு 1956இல் தன் வழியில் எளிமையாக்கம் செய்தது. 2013இற் பொதுவழக்கிற்கு 8105 எழுத்துக்களை வரையறுத்தது. இருசாராரும் கலந்து செய்யாமையால், அகலம் என்னும் பொருளுடைய ஓரெழுத்திற்கு இன்று பழவடிவம் ஒன்றும், சீன வடிவம் ஒன்றும், ஜப்பானிய வடிவம் ஒன்றுமாக மூன்று உண்டு. ஹுவாங் ஸுன்ஷியனும் ஓகோச்சியும் எழுதிய தாள்களை இன்று இரு நாட்டு இளைஞர் கையிற் கொடுத்தால், இருசாராரும் அவற்றிற் பல எழுத்துக்களை அகராதி கொண்டே படிக்க வேண்டியவராவர்.